கோட்ரிமாக்சசோல் சிரப்: மருந்துக்கு நாலு, ருசிக்கு ஒன்று

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு ஐந்துக்கு நாலு. அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டுக்கு இரண்டு. ருசிக்கு ஒன்று, அதுவும் என் மகன் சார்பில் நான் தாராளமாகப் போடுவது.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. ஊர் தக்கலைக்குப் பக்கம், பெயர் வேண்டாம். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு சுடிதாரும் பள்ளி யூனிபார்மும் தைக்கிறேன். மகனுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. கடைசிச் சோதனையும் நெகட்டிவ். பதறிக்கொண்டே வாசிக்க வேண்டாம் என்பதற்காக இதை இங்கேயே சொல்லிவிட்டேன்.

இந்த சிரப்பைப் பற்றித் தமிழில் தேடினால் சளி, காதுவலி, சிறுநீர்த் தொற்று என்று வழக்கமான விவரம்தான் என் கண்ணில் பட்டது. பாசிட்டிவ் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைக்கு, காய்ச்சல் கூட இல்லாதபோது, தினமும் ஒரு ஆன்டிபயாடிக்கை எதற்காக ஊற்ற வேண்டும், ஊற்றினால் என்ன லாபம், என்ன நஷ்டம்? இதைத்தான் நான் தேடினேன். கிடைக்காததால் நானே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் அக்கா மகள் பி.பார்ம். படிக்கிறாள், வீட்டில் என் விஷயம் தெரிந்த சிலரில் அவளும் ஒருத்தி. கீழே வரும் ஆய்வு விவரமெல்லாம் அவள் உட்கார்ந்து வாசித்து எனக்கு விளக்கியது.

பொருள் என்ன என்று பார்ப்போம். செப்ட்ரான், பாக்ட்ரிம் என்றால் பலருக்கும் புரியும், அதே மருந்துதான். சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் என்று இரண்டு மருந்துகள் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தது. 5 மில்லி சிரப்பில் முதலாவது 200 மில்லிகிராம், இரண்டாவது 40 மில்லிகிராம். கிருமிகள் பெருகுவதற்கு வேண்டிய ஃபோலிக் சத்தை அவையே தயாரித்துக்கொள்ளுமாம். அந்தத் தயாரிப்பில் அடுத்தடுத்த இரண்டு படிகளில் இந்த இரண்டு மருந்தும் ஆளுக்கொரு முட்டுக்கட்டை போடுகின்றன. நமக்கு ஃபோலிக் சத்து சாப்பாட்டில் வந்துவிடுவதால் நம்மை அவ்வளவாகப் பாதிக்காது. புது மருந்தும் இல்லை, விலையும் அதிகமில்லை. எங்களுக்கு எச்.ஐ.வி. சிகிச்சை மையத்திலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கே இருப்பு இல்லாத சமயம் வெளியே மெடிக்கலில் வாங்கியபோதும் கையைக் கடிக்கவில்லை.

பிறந்த உடனே இதைக் கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து ஆறு வாரம் நெவிரபின் என்ற வேறொரு சிரப். அது எச்.ஐ.வி. தொற்றாமல் இருப்பதற்கான மருந்து. ஆறாவது வாரத்தில் எல்லாம் ஒரே நாளில் வந்து விழும்: தடுப்பூசி, குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது, கூடவே இந்தப் புது பாட்டில். ஏன் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். பச்சைப் பிள்ளைக்குக் கல்லீரல் இன்னும் தேறியிருக்காது. சல்ஃபா மருந்து போனால் மஞ்சள் காமாலை நிறமி ரத்தத்தில் பிடிமானம் இழந்து மூளைக்கு ஏறக்கூடும் என்றார் மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். அதனால் முதல் நாலு வாரம் தொடவே மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு நாலிலிருந்து ஆறு வாரம். நம் நாட்டில் ஆறு.

அளவு, ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு ஒரு வேளை 2.5 மில்லி, அதற்குப் பிறகு 5 மில்லி. எடையையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதனால் என் கணக்கை உங்கள் பிள்ளைக்கு அப்படியே எடுக்க வேண்டாம்.

இனி பாட்டிலைப் பற்றி. மருந்து அடியில் கெட்டியாகத் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் சர்க்கரைத் தண்ணீர், கடைசி வாரம் மருந்துக் குழம்பு. பாட்டிலோடு வரும் சின்ன மூடியில் 2.5 என்று ஒரு கோடு இருக்கிறது, ஆனால் அது அச்சடிக்கப்பட்டதா கீறலா என்று தெரிய ஜன்னல் பக்கம் போக வேண்டும். மூடியின் சுவரிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும். நான் மெடிக்கலில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் தனியாகக் கேட்டு வாங்கினேன். அதுதான் இந்த வேலைக்குச் சரியான சாமான். மடியில் தலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, நாக்கின் மேல் விடாமல், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நாக்கில் பட்டால் புளிச்சென்று நம் முகத்துக்கே திரும்பி வரும். இனிப்பைப் போட்டு மறைத்திருக்கிறார்கள், ஆனால் பின்னால் ஒரு கசப்பு நிற்கிறது. நானே ஒரு சொட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். ஆறு மாதம் தாண்டிய பிறகு வழி கிடைத்தது: மருந்து உள்ளே போன கையோடு மசித்த மட்டிப்பழம் ஒரு வாய். அதற்காகவே வாயைத் திறக்க ஆரம்பித்தான். பாட்டில் கழுத்தைத் துடைத்து வைக்காவிட்டால் எறும்பு வரிசை கட்டும். இதற்கெல்லாம் கம்பெனிக்காரர்களைக் குறை சொல்லலாம், சொல்லிவிட்டேன்.

சிரப் இல்லாத நேரத்தில் மாத்திரையும் தருவார்கள். குழந்தை மாத்திரை ஒன்றில் 100-ம் 20-ம் இருக்கும், அதாவது 2.5 மில்லிக்குச் சமம். கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். வெளியூர் போகும்போது மாத்திரைதான் வசதி. பையில் பாட்டில் உடையும் பயம் இல்லை.

இந்தப் பாட்டிலில் இன்னொரு வசதி, யாரும் எதிர்பார்க்காதது. நெவிரபின் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைத்தேன். இதற்கு அது தேவைப்படவில்லை. செப்ட்ரான் எல்லா வீட்டிலும் இருக்கும் மருந்து, பார்த்தால் சளி மருந்து என்று நினைப்பார்கள். மாமியும் அப்படித்தான் நினைத்தார்கள். மயினிதான் விடவில்லை. "இது என்ன சளி மக்கா, பிள்ளை நல்லாத்தானே இருக்கான், இப்பமும் குடுத்துக்கிட்டே இருக்க?" என்று கேட்டாள். நெஞ்சில் சளி கட்டும் ராசி, டாக்டர் தொடரச் சொன்னார் என்று சமாளித்தேன். முழுப் பொய்யும் இல்லை.

ஏனென்றால் மருந்தின் வேலையே நெஞ்சைக் காப்பதுதான். நியூமோசிஸ்டிஸ் என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. காற்றில் இருப்பது, பெரும்பாலான பிள்ளைகள் சின்ன வயதிலேயே அதைச் சந்தித்துவிடுவார்கள், ஒன்றும் ஆகாது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றிய கைக்குழந்தைக்கு அது நிமோனியாவாக இறங்கும். மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவேதான் அதிகம் வரும். மூச்சு வேகமாகும், உதடு நீலம் பாரிக்கும், அதற்குள் பாதி நேரம் கை மீறிப் போயிருக்கும். தொற்று இருப்பதே தெரியாமல் அந்த நிமோனியாவில் இறந்த பிள்ளைகள் ஏராளம். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஜாம்பியாவில் தொற்றுள்ள பிள்ளைகளிடம் செய்து 2004-ல் வெளிவந்த ஆய்வில் இந்த மலிவான மருந்து மரணத்தை 43 சதவீதம் குறைத்தது. தொற்று உறுதியான பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா என்பதில் விவாதமே இல்லை. எழுதிக் கொடுத்தால் வாங்கிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

விவாதம் என் மகன் போன்றவர்களைப் பற்றியது. அம்மாவுக்கு இருக்கிறது, பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. எந்த ஏற்பாடும் செய்யாவிட்டால் அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். நான் தினமும் ஒரு மாத்திரை, தவறாமல் எடுக்கிறேன். பிரசவத்துக்கு முன்பு பார்த்தபோது ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவு. அப்படியானால் தொற்றில்லாத பிள்ளைக்குத்தான் நான் தினமும் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது ஏறக்குறைய நிச்சயம். அந்தப் பிள்ளைக்கு இதனால் என்ன பயன்?

அக்கா மகள் இந்த இடத்தில்தான் சுறுசுறுப்பானாள். "சித்தி, இதைத்தான் ரெண்டு நாட்டுல சோதிச்சுப் பாத்திருக்காங்க" என்றாள். ஒன்று போட்ஸ்வானா. தொற்றில்லாத, ஆனால் பாசிட்டிவ் அம்மாவுக்குப் பிறந்த 2,848 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கோட்ரிமாக்சசோல், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத போலி. பதினெட்டு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் வித்தியாசம் இல்லை. இனித் தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2017-ல் வெளிவந்தது. இன்னொன்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், தாய்ப்பால் குடிக்கும் 1,220 குழந்தைகள். மருந்து கொடுக்காத பிரிவு எந்த விதத்திலும் மோசமாகிவிடவில்லை என்று 2019-ல் எழுதினார்கள்.

கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். அப்புறம் எதற்கு இந்தக் கூத்து, எறும்பும் பிசுபிசுப்பும்? அவள் சிரித்துக்கொண்டே, "அந்த ஆய்வுல சேத்த பிள்ளைங்க எல்லாருக்கும் முதல்லயே சோதனை பண்ணி நெகட்டிவ்னு தெரியும். நம்ம தம்பிக்கு ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை.

என் மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, ஒரு தடித்த அட்டையில் அச்சடித்த வட்டங்களில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வைத்தார்கள். ரத்தம் எடுத்த பெண் குதிகாலை முதலில் வெதுவெதுப்பான துணியால் சுற்றிவைத்து, ஒரே குத்தில் முடித்தாள். வட்டம் நிறைந்து பின்பக்கமும் ஊறியிருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். காயவைத்து, உறையில் போட்டு, வெளியூர் ஆய்வகத்துக்கு. இந்த வேலைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். அதற்குப் பிறகுதான் எல்லாம் இழுத்தது. "அடுத்த வாரம் போன் பண்ணுங்க", "கூரியரில் வரணும்", "சிஸ்டத்தில் ஏறல". அடுத்த வாரம் அடுத்த மாதமானது. எந்த மையம் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், நான் திரும்பப் போக வேண்டிய இடம். ஆனால் அந்த முடிவு வராத காலம்தான் நியூமோசிஸ்டிஸ் காத்திருக்கும் காலம். மூன்றாவது மாதம், நாலாவது மாதம். பிள்ளைக்குத் தொற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், வந்தால் கொல்லக்கூடிய நிமோனியாவின் நடுவே சும்மா இருக்க என்னால் முடியாது. அந்த மாதங்களில் நான் சிரிஞ்சைப் பிடித்தது சந்தேகமே இல்லாமல் சரியான வேலை.

முதல் முடிவு நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் கணக்கு மாறுகிறது. தாய்ப்பால் கொடுத்தேன், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே; அதுதான் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். பால் கொடுக்கும்வரை கதவு முழுக்கச் சாத்தவில்லை என்று அர்த்தம். அதனால் ஆறாவது மாதம் மறுபடியும் சோதனை, பன்னிரண்டாவது மாதம் ஒன்று. பதினெட்டாவது மாதம்தான் கடைசித் தீர்ப்பு, ஏனென்றால் அதற்கு முன்னால் செய்யும் சாதாரணப் பரிசோதனையில் அம்மாவின் எதிர்ப்பொருள் பிள்ளையின் ரத்தத்தில் தெரிந்து குழப்பும். அதுவரை சிரப்பைத் தொடரச் சொன்னார்கள். தொடர்ந்தேன். ஆனால் பால் நிறுத்தி, அதற்குப் பிறகு ஒரு சோதனையும் நெகட்டிவாக வந்த பிள்ளைக்கு இந்த மருந்தால் பெரிய லாபம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2014-ல் எழுதியபோது, பால் முழுக்க நிறுத்திய பிறகு வயதுக்கேற்ற சோதனையில் தொற்றில்லை என்று உறுதியாகும்வரை என்றுதான் வைத்திருந்தது. இதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் யாரும் கடித்துவிட மாட்டார்கள். நானாக நிறுத்துவது வேறு, கேட்டு நிறுத்துவது வேறு.

நஷ்டப் பக்கத்துக்கு வருகிறேன். எல்லோரும் பயப்படுவது தோல். சல்ஃபா மருந்துக்குச் சிலருக்கு ஒவ்வாமை வரும். அரிதாகத் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஏப்ரல் மாதம் என் மகனின் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டர் சட்டையைக் கழற்றி, வாயைத் திறந்து டார்ச் அடித்து, கண் இமையைக் கீழே இழுத்து, உள்ளங்கையையும் பார்த்தார். கொப்புளம் இல்லை, வாய் சுத்தம், காய்ச்சல் இல்லை, பொரிந்தது முழுக்க வியர்வை தங்கும் மடிப்பில். வேர்க்குரு. நம்ம ஊர் புழுக்கத்துக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அவர் பார்த்த அந்த இடங்களை நானும் மனதில் வைத்துக்கொண்டேன்: வாய், கண், கொப்புளம். அதில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மருந்து கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

ரத்தம் இரண்டாவது. ரத்தசோகை வரலாம், வெள்ளை அணு குறையலாம். அவ்வப்போது பார்த்தார்கள், என் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்ஸ்வானா ஆய்விலும் கடுமையான ரத்தசோகை மருந்து எடுத்த பிரிவிலும் எடுக்காத பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதானாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. சிவப்பணு உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும். ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பாச்சா உருண்டை போட்டு வைத்த துணிகூட ஆகாது என்று அக்கா மகள் சொன்னாள். அன்றைக்கே என் மகன் துணிப்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே போட்டேன், அவனுக்குக் குறைபாடு இல்லை என்றாலும்.

இவை இரண்டையும்விட என்னை யோசிக்க வைத்தது மூன்றாவது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் போனால் குடலில் இருக்கும் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். போட்ஸ்வானாவிலேயே மருந்து எடுத்த குழந்தைகளின் மலத்தை எடுத்துப் பார்த்தபோது, இந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூடுதலாக இருந்தன. இந்தியாவில் வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் கிருமிகள் பலவும் ஏற்கெனவே இதற்குப் பழகிப்போய் அடங்குவதில்லை. மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ, சீட்டு இல்லாமல் போய் "சளிக்கு ஒரு மருந்து" என்று கேட்டாலே ஆன்டிபயாடிக் தரும் கடை எங்கேயும் கிடைக்கும். அப்படி வளர்ந்த கிருமி என் வீட்டில் பிறந்ததா, பக்கத்து வீட்டில் பிறந்ததா என்று பார்க்காது. இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது, வேர்க்குரு மாதிரி பதற வைக்காது, அதனாலேயே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மதிப்பெண் குறைத்தது இதற்காகத்தான். சோதனை முடிவு வேகமாக வந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாட்டில்கள் மிச்சமாகும்.

ஏற்பாட்டுக்கு இரண்டு கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு முறை காய்ச்சல் என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். வேறு மருந்து எழுதும் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று, தினமும் கோட்ரிமாக்சசோல் போகிறது, காரணம் இது என்று மெல்லச் சொன்னேன். டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டார். வெளியே சீட்டு வாங்கியவர்தான் எல்லோர் காதிலும் விழும்படி அடுத்த அறைக்குச் சத்தம் கொடுத்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். எச்.ஐ.வி. சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் சம்மதம் இல்லாமல் நம் நிலையை இப்படி வெளியிடக் கூடாது, இதைக் காட்டி வைத்தியத்தை மறுக்கவும் கூடாது. அன்று அது என் வாயில் வரவில்லை. இப்போது சீட்டிலேயே மருந்துப் பெயரை மட்டும் எழுதி டாக்டர் கையில் நேராகக் கொடுக்கிறேன். ஆள் தெரிந்துவிடும் என்று திருவனந்தபுரம் பக்கம் போய் மருந்து வாங்குகிறவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. விவரம் ஏதாவது வேண்டுமென்றால் 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஆறு வாரம் முடிந்து, சோதனை முடிவு கையில் இல்லாத எந்தப் பிள்ளைக்கும் யோசிக்காமல். முடிவு நெகட்டிவ், இன்னும் பால் குடிக்கிறான் என்றால் டாக்டர் சொன்னபடி தொடரலாம், ஆனால் அடுத்த சோதனைத் தேதியை நச்சரித்து வாங்குங்கள். அம்மா தன் மாத்திரையை விடாமல் போடுவது இந்த சிரப்பைவிடப் பெரிய காவல். முடிவு பாசிட்டிவ் என்றால் இதை நிறுத்தும் பேச்சே எடுக்காதீர்கள், எச்.ஐ.வி. மருந்தையும் உடனே தொடங்கச் சொல்வார்கள்.

பதினெட்டாவது மாதச் சோதனை முடிந்து நிறுத்தச் சொன்னபோது அரை பாட்டில் மிச்சம் இருந்தது. மயினி தன் மகனுக்கு இருமல் என்று கேட்டாள். "சும்மாதானே இருக்கு, தா மக்கா" என்றாள். திறந்து ரொம்ப நாளாகிவிட்டது, அவனுக்கு எடைக்கு அளவு வேறு, டாக்டரிடம் காட்டு என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மிச்சத்தை வேறு யாரும் எடுக்க முடியாதபடி டீத்தூளில் கலந்து கட்டிக் குப்பையில் போட்டேன். சிரிஞ்சை மட்டும் கழுவி வைத்திருக்கிறேன், மெஷினுக்கு எண்ணெய் விட வசதியாக இருக்கிறது.